பெரியப்பா காத்திருக்க மாட்டார்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

சம்பந்தி அம்மா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு அந்த வார்த்தையை எழுதலாமா, கூடாதா என்று தெரியவில்லை. இப்போதைக்கு அம்மா என்றே இருக்கட்டும்.

போனில் பேசியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் அந்தச் சிரிப்பும் கூடவே காதில் வந்து நிற்கும். நான் ஏதாவது சொல்லிவிடுவேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

என் மகளும் உங்கள் மகனும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள், பெரியவர்கள் ஒருமுறை பார்த்துப் பேசிக்கொள்ளட்டும் என்றுதான் உங்களை வீட்டுக்கு அழைத்தேன். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த காலமெல்லாம் நான் தேடித் தேடிச் சேர்த்த இசைக்கருவிகள்தான் என் வீட்டின் கீழ்த்தளம். சாவி கொடுத்தால் பாடுபவை, சக்கரம் சுற்றினால் பாடுபவை. மூன்று அறை அருங்காட்சியகம்தான், ஆனாலும் அதற்கு ஒரு மரியாதை உண்டு.

வாசலில் கம்பளிச் செருப்பு கொடுத்தேன், போட்டுக்கொண்டீர்கள். கூண்டிலிருக்கும் தகரக் குருவி கூவியதும், "ஐயோ, கழுத்தைத் திருப்புது பாருடா!" என்று கைதட்டினீர்கள். ஆளில்லாமல் தானே வாசிக்கும் பியானோவைப் பார்த்து, "எனக்கு இப்படி ஒண்ணு கிடைச்சிருந்தா நடுவுல எழுந்து போய் டீ குடிச்சிட்டு வந்திருப்பேன்" என்றீர்கள். நானும் சிரித்தேன். உங்கள் மகனை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. வருகிறவர்கள் எல்லாம் ரயிலுக்கு நேரமானது போல மூன்று அறையையும் ஓடிக் கடப்பார்கள். அவர்தான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தார்.

பிறகு பெரியப்பா. கூரையை முட்டும் அந்தக் காற்று ஆர்கனுக்கு என் மகள் சின்ன வயதில் வைத்த பெயர். துளை போட்ட மடிப்பு அட்டையைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால், சக்கரம் துருத்தியையும் அழுத்தும், அட்டையையும் இழுக்கும். துளை வரும் இடத்துக் குழாய் பாடும். அன்று நான் போட்டது "முடியாத பாடல்". ஆரம்பத்திலேயே இடி மாதிரி முழங்கி, போகப் போகத் தணிந்து, பேச்சைப் பாதியில் விட்டது போல நின்றுவிடும். இசையமைத்தவர் முடிக்கும் முன்பே இறந்துபோனார் என்று சொல்லி விளக்கைக் குறைப்பேன். எத்தனையோ பேர் கைக்குட்டையை எடுத்திருக்கிறார்கள். ஒரு வங்கி மேலாளர் விம்மி விம்மி அழுதிருக்கிறார்.

நீங்கள் சிரித்தீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது தப்புதான். வழியனுப்பக்கூட வரவில்லை. மகள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட குருவிக் கூண்டைப் பார்த்துக் கேட்கிறாள். ஆனாலும் செத்துப்போன மனிதரைப் பார்த்துச் சிரிக்கலாமா? காரணம் தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பெண்ணின் அப்பா

*

பிப்ரவரி 9

சம்பந்திக்கு,

நான் சம்பந்தி என்றே எழுதுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டு சமையலறைக்குள் போனதைப் பார்த்ததுமே, இந்த மனிதர் நம் வீட்டு ஆள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போவார். பசித்தால் வெளியே வந்துவிடுவார்.

சிரித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று ரயிலேறும் வரை என் மகனும் என்னோடு பேசவில்லை. "அவர் முகம் எப்படித் தொங்கிப்போச்சு, பாத்தியாம்மா?" என்று அதன்பிறகு ஊர் வந்து சேரும் வரை திட்டினான்.

இப்போது காரணம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நடனப் பள்ளியில் பியானோ வாசிப்பதுதான் என் வேலை. தலை நரைத்ததே அந்தப் பியானோ முன்னால்தான். ஒரு பாட்டு எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நீங்கள் சொன்ன இடி முழக்கம் இருக்கிறதே, அது பாட்டின் முடிவு. ஆடி முடித்தவர்கள் குனிந்து வணங்குவதற்காகப் போடுவது. கடைசியில் தேய்ந்து நின்றதே, அதுதான் ஆரம்பம். ஆட்கள் மெல்ல உள்ளே நடந்து வருவதற்கானது. உங்கள் பெரியப்பா பாட்டைப் பின்னாலிருந்து முன்னால் பாடிக்கொண்டிருக்கிறார்! அட்டையைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். அதைக் கவிழ்த்துப் போட்டு, வால் பக்கம் முதலில் போகும்படி விட்டுப் பாருங்கள்.

அந்த இசையமைப்பாளர் பாட்டை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். வங்கி மேலாளரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

உங்கள் மகளுக்கு என் அன்பு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற என் மகனைப் பார்ப்பதற்காகவே அவள் தன் மூக்குக்கண்ணாடி மேல் வேண்டுமென்றே உட்கார்ந்து உடைத்துக்கொண்டு போவாளாமே? அப்படிப்பட்ட பெண்ணை நான் விட்டுவிடுவேன் என்று கனவிலும் நினைக்காதீர்கள்.

சம்பந்தி அம்மா

*

பிப்ரவரி 15

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். டீ குடித்தேன். திரும்ப எடுத்தேன். "சும்மா போட்டுத்தான் பாருங்களேன்ப்பா" என்றாள் மகள். பல நாளைக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை என்பதற்காகவே போட்டேன்.

அம்மா! என்ன சொல்வேன்!

முதலில் குழாய்கள் இரண்டு மட்டும் காதோடு பேசுவது போல ஆரம்பித்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. முன்னால் நிற்கும் மரப்பொம்மை, கோல் பிடித்த இசை நடத்துனர், இத்தனை காலமும் தப்புத் தப்பாகக் கையாட்டுகிறார் என்று நினைத்து அவர் தோள்பட்டையைக் கழற்றி எண்ணெய் விட்டிருக்கிறேன். முழக்கம் வந்தபோது அவர் சரியாக இரண்டு கையையும் தூக்கினார். அந்த ஆள் அத்தனை நாளும் சரியாகத்தான் ஆட்டியிருக்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பளிச் செருப்போடு கூடத்தில் ஆடினேன். மகள் சாட்சி. ஒருமுறை வழுக்கியும் விழுந்தேன்.

எப்படி நடந்ததென்றும் கண்டுபிடித்துவிட்டேன். அட்டை என் கைக்கு வந்தபோது ஒரு முனை கிழிந்திருந்தது. அதற்கு ஒட்டுப்போட்டு, "இந்தப் பக்கம் முதலில்" என்று சிவப்பு மையில் அம்புக்குறி வரைந்த புண்ணியவான் நான்தான். "இந்தப் பாட்டுல என்னமோ இடிக்குதுங்க" என்று என் மனைவி இருந்தபோதே சொன்னாள். உனக்கு இசை ஞானம் போதாது என்று அவளுக்கே பாடம் எடுத்தேன். இப்போது மேலே இருந்து சிரித்துக்கொண்டிருப்பாள். நீங்கள் இருவரும் சந்தித்திருந்தால் நான் வீட்டைவிட்டே ஓடியிருப்பேன்.

இனி முக்கியமான விஷயம். கல்யாணத்தை மே மாதம் இந்த வீட்டிலேயே, பெரியப்பாவின் முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். வாசலில் பாட்டு தொடங்க வேண்டும். இருவரும் ஒரே நேர்கோட்டில் திறந்திருக்கும் மூன்று அறைகளையும் கடந்து நடந்து வர வேண்டும். பெரியப்பாவை வந்து சேரும்போது கடைசி முழக்கம். அவளே நடந்து பார்த்துவிட்டாள், பாட்டும் நடையும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பச்சைக்கொடி காட்டுங்கள்.

தங்கள் சம்பந்தி (இப்போது தைரியமாக எழுதுகிறேன்)

*

பிப்ரவரி 22

சம்பந்திக்கு,

நீங்கள் ஆடியதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த முறை எனக்கும் சொல்லி அனுப்பிவிட்டு விழுங்கள்.

கல்யாணம் உங்கள் வீட்டில் நடக்கட்டும், சந்தோஷம். பெரியப்பா மட்டும் வேண்டாம். இயந்திரம் இயந்திரம்தான், அதற்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. பக்கத்து அறையில் இருக்கிற பியானோவில் நானே வாசிக்கிறேன். இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இப்படியே ஒட்டி அனுப்பிவிடலாம் என்று உறையை எடுத்தேன். மனசு கேட்கவில்லை. மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு இடது கால் பிறந்ததிலிருந்தே சரியில்லை என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தும், நின்று நிதானமாகப் பார்க்கிற ஆள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் மகள் அளந்தது அவளுடைய நடையை. அவனுடைய நடை வேறு.

அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது விளையாட்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளும் பேண்டு வாத்தியத்துக்கு அணிவகுத்து நடந்தார்கள். மைதானத்தின் பாதியை அவன் கடக்கும்போதே பாட்டு முடிந்துவிட்டது. மற்றவர்கள் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். மீதிப் பாதியை அவன் சத்தமே இல்லாத மைதானத்தில், எல்லோரும் பார்க்க, தனியாக நடந்தான். வந்ததும், "பாட்டு சின்னதா இருந்துச்சும்மா" என்று சிரித்தான். அவன் சிரித்தான், நான்தான் அழுதேன். அன்றிலிருந்து யார் ஆடினாலும் காலைப் பார்த்துத்தான் வாசிப்பேன். கால் தாமதித்தால் என் விரலும் தாமதிக்கும். உங்கள் பெரியப்பா காத்திருக்க மாட்டார், சம்பந்தி. என் பிள்ளை அவன் கல்யாணத்தன்று பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடக்கூடாது. பாதியில் தனியாகவும் நிற்கக்கூடாது.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். "நீ சும்மா இரும்மா" என்று ஒரே வார்த்தையில் என்னை அடக்கிவிடுவான்.

சம்பந்தி அம்மா

*

மார்ச் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை.

நீங்கள் சொன்னது சரி. ஆனால் முழுக்கச் சரி இல்லை. மெதுவாகச் சுற்றினால் பெரியப்பாவும் மெதுவாகப் பாடுவார் என்று சுற்றிப் பார்த்தேன். சக்கரம் மெதுவானால் துருத்திக்கும் காற்று குறைகிறது. குரல் இறங்கி, கொட்டாவி விடுவது போல ஆகிவிடுகிறது. நிறுத்தினால் முனகிக்கொண்டு தூங்கிவிடுகிறார்.

இருந்தாலும் பியானோவுக்கு ஆள் ஏற்பாடு செய்யவேண்டாம். அந்த ஆள் நீங்களாகவே இருந்தாலும்.

லிஃப்ட்டில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வயதானவர்கள் அதிகம் குடியிருந்த ஒரு கட்டடத்தில் கதவு பட்டென்று மூடிக்கொண்டு அவர்களை இடித்தது. கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி மாற்றிவைத்தேன். அவசரக்காரர்கள் புகார் எழுதினார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா, உன் லிஃப்ட்டு யாருக்காக நிக்குது?" என்றார். "வர்றவங்களுக்காக" என்றேன். காத்திருக்கத் தெரியாத இயந்திரம் என்று எதுவும் கிடையாது, அம்மா. அதற்கு யாராவது சொல்லிக் கொடுக்கவேண்டும். எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

சம்பந்தி

*

மார்ச் 10

சம்பந்திக்கு,

அந்தப் பதிலைக் கேட்டு மேலாளர் முகம் எப்படிப் போனது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எங்களுக்காகப் பெரியப்பாவை அறுத்துப்போடாதீர்கள். பழைய கருவியில் ஓர் ஆணியை மாற்றினாலும் அது கொலைக்குச் சமம் என்று அன்றைக்குக் குருவிக் கூண்டின் முன்னால் நின்று எங்களுக்குப் பிரசங்கம் செய்தீர்கள். உங்கள் கொள்கையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.

உங்கள் மகள் போனவாரம் வந்திருந்தாள். கண்ணாடி மறுபடியும் உடைந்துவிட்டதாம். "கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படியே உடைப்பியா?" என்று கேட்டேன். "அப்புறம் எதுக்கு அத்தை? அதான் ஆளே வீட்டுல இருப்பாரே" என்றாள். பிழைக்கத் தெரிந்த பெண்.

சம்பந்தி அம்மா

*

மார்ச் 21

சம்பந்தி அம்மாவுக்கு,

வெற்றி!

கொலை நடக்கவில்லை. ஒரு துளை கூடப் போடவில்லை. சிக்கல் எங்கே என்று யோசித்துப் பாருங்கள்: ஒரே சக்கரம் இரண்டு வேலை செய்கிறது. துருத்திக்குக் காற்று, அட்டைக்கு இழுப்பு. லிஃப்ட்டில் கதவுக்கு ஒரு மோட்டார், ஏறி இறங்க ஒரு மோட்டார். அதனால்தான் கதவு காத்திருக்கும்போது பெட்டி கீழே விழுவதில்லை. இந்த எளிய உண்மை எனக்குத் தோன்ற இத்தனை நாளானது. இரண்டையும் இணைக்கும் பல்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, அட்டையை இழுக்கும் உருளைக்குத் தனியாக ஒரு சின்னக் கைப்பிடி மாட்டியிருக்கிறேன். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம், மாட்டிய தடமே இருக்காது.

இப்போது ஒருவர் பெரிய சக்கரத்தைச் சுற்றிக் காற்று கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இன்னொருவர் சின்னக் கைப்பிடியைச் சுற்றவேண்டும். அவர் மெதுவாகச் சுற்றினால் பாட்டு மெதுவாகப் போகும். அவர் நிறுத்தினால் அட்டை நிற்கும், துளைக்கு நேரே இருக்கும் குழாய் மட்டும் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், குரல் இறங்காமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

பெரியப்பாவை நான் இதுவரை வேறு யாரும் தொட விட்டதில்லை. என் மகளுக்கே அனுமதி கிடையாது. காற்று என் பொறுப்பு. சின்னக் கைப்பிடி, காலைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த ஒருவருடையது. ஏப்ரலில் வந்து பழகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது சாக்கு சொல்லிக்கொள்ளலாம்.

சம்பந்தி

*

ஏப்ரல் 14

சம்பந்திக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். தோள்பட்டை வலிக்கிறது, அதைவிட வயிறு வலிக்கிறது, சிரித்துச் சிரித்து.

காற்று கொடுங்கள் என்றால் காற்று கொடுக்க வேண்டியதுதானே? என் கையைப் பார்த்து, "வேகம் போதாது, வேகம் போதாது" என்று எதற்கு அலறுகிறீர்கள்? வேகம் என் வேலை. நீங்கள் குழாயைப் பாருங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கைத்தடியோடு நடந்து காட்டினாரே, அவர் என் மகன் மாதிரி நடக்கவில்லை, மேடையில் ராஜா வேஷம் போட்டவர் மாதிரி நடந்தார். ஆனாலும் அவர் நின்ற இடத்தில் எல்லாம் பாட்டு நின்றது. அந்த ஒற்றைச் சுரம் அறை முழுக்க நிறைந்து நின்றதே, சம்பந்தி, அப்போது நீங்கள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினீர்கள். தூசி என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன். இப்போது சொல்கிறேன்: எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்தியது தூசியால் அல்ல.

ஒரே கவலைதான் பாக்கி. கல்யாணத்தன்று மகளைப் பார்த்த சந்தோஷத்தில் சுற்றுவதை மறந்துவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது.

சம்பந்தி அம்மா

*

மே 20

சம்பந்தி அம்மாவுக்கு,

மறந்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படி மறக்காமல் இருப்பது? மகள் வாசலில் வந்து நின்றாள், உடையாத கண்ணாடியோடு. கை தானாக நின்றுவிட்டது. பெரியப்பா முனகினார். "காத்து, சம்பந்தி, காத்து!" என்று நீங்கள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குருவிக்கு யார் சாவி கொடுத்தார்களோ தெரியவில்லை, அதுவும் கூவியது. என் வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமான சத்தத்தை இந்த வீட்டில் கேட்டதில்லை.

நேற்று ஞாயிறு. "முடியாத பாடல்" என்ற பலகையைக் கழற்றிவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டி, அம்புக்குறி வரைந்த புத்திசாலியின் கதையையும் சொல்கிறேன். அழுகை குறைந்துவிட்டது, கூட்டம் கூடிவிட்டது. சின்னக் கைப்பிடியைக் கழற்றவில்லை. அதன் கீழே ஒரு அட்டை மாட்டியிருக்கிறேன்: "தொடாதீர்கள். சம்பந்தி அம்மா மட்டும் தொடலாம்." யார் அவர் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. மாப்பிள்ளை அத்தனை நேரமும் பாட்டோடு அழகாக நடந்து வந்தார். குருவிக் கூண்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிட்டார். நீங்களும் நிறுத்தினீர்கள். அந்தச் சுரத்தைப் பிடித்து நிறுத்த நான் என் பலத்தை எல்லாம் சேர்த்துச் சுற்றினேன், கை விட்டுப்போகும் போல ஆனது. பிறகு அவர் சிரித்துக்கொண்டே மறுபடி நடந்தார். கால் வலித்ததா? என் வீட்டுத் தரை வழுக்கியதா? அவரிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

சம்பந்தி

*

மே 27

சம்பந்திக்கு,

கேட்டுவிட்டேன். எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

இருவரும் நேற்று வந்திருந்தார்கள். உங்கள் மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா அன்னைக்கு நடுவுல நின்ன, கால் வலிச்சுதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றான். கையில் இருந்த லென்ஸைத் துடைத்துக் கீழே வைத்தான். பிறகு பள்ளிக்கூடத்து நாளில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான்.

"பாட்டு நிக்குதான்னு பாத்தேன்மா. நின்னுச்சு. அப்புறம் அவசரம் என்ன இருக்கு? கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு வந்தேன்."

சம்பந்தி அம்மா